எட்டு ஆண்டு முற்றுகையும் எட்டு எழுத்துக் கடவுச்சொல்லும்

ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் செஞ்சிக்கு வந்து கூடாரம் அடித்தார். கோட்டைக்குள் மராத்தியரின் சத்ரபதி ராஜாராம் இருந்தார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று குன்றுகள். மூன்றையும் முக்கோணமாகக் கோத்துக் கட்டிய மதில். கோட்டை முகலாயர் கைக்கு வந்தபோது ஆண்டு 1698. அதற்குள் ராஜாராம் தப்பி வேலூர் போய்விட்டார். இடையில் முற்றுகை போட்டவர் பட்ட பாடும் கொஞ்சமல்ல. 1692 முடியும் தறுவாயில் மராத்தியத் தளபதிகளான சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வந்து, முற்றுகையிட்ட படையையே சுற்றி வளைத்தார்கள். தானியம் தீர்ந்துபோய், சுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. பிறகு திரும்பி வந்தார். மறுபடியும் காத்திருந்தார்.

அதே கோட்டை 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையிடம் ஒரே இரவில் விழுந்தது. நகர வாசலை வெடிவைத்துப் பிளந்து நுழைந்தவர்கள், விடிவதற்குள் குன்றுகளையும் பிடித்துவிட்டார்கள். இந்த அரை நூற்றாண்டில் குன்றின் உயரம் குறையவில்லை. ராஜகிரி உச்சிக்குக் கீழே மலையையே இரண்டாகப் பிரிக்கும் அந்தப் பாறைப் பிளவும் தூர்ந்துபோகவில்லை. தாக்குபவருக்கு ஆகும் செலவுதான் குறைந்திருந்தது. ஒருவருக்கு எட்டு ஆண்டுச் சோறும் சம்பளமும் ஆயின. இன்னொருவருக்குக் கொஞ்சம் வெடிமருந்தும் ஒரு ராத்திரியும் போதுமானதாக இருந்தது.

பாதுகாப்பைக் கணக்குப் போடும் அறிவியல் இந்தச் செலவைத்தான் அளக்கிறது. உடைக்கவே முடியாத பூட்டு என்று எதையும் அது ஒப்புக்கொள்வதில்லை. உடைக்க எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், எங்கே வந்து நின்று உடைக்க வேண்டும் என்றுதான் கேட்கும். மூன்றாவது கேள்விக்கு இந்த அத்தியாயத்தில் கொஞ்சம் கூடுதல் வேலை இருக்கிறது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை ஒரு தொகுதியாகச் சேர்த்தார்கள். அதில் தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான். கோட்டைக்குக் கீழே, திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையை ஒட்டிப் பரந்திருக்கும் ஊரில், வீட்டுக்கு வீடு ஒரு வெள்ளைப் பெட்டி சுவரில் தொங்குகிறது. கேபிள்காரர் வந்து மாட்டிவிட்டுப் போன பெட்டி. ஃபைபர் கம்பி ஒரு பக்கம் நுழைய, மறுபக்கம் வைஃபை வெளியே வருகிறது. மாட்டும்போதே அவர், “பாஸ்வேர்டு உங்க போன் நம்பரே வெச்சிருக்கேன் சார், மறக்காது” என்று சொல்லியிருப்பார். மறக்காதுதான். ஆனால் மறக்காத எண், ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். வைஃபை என்பது வானொலி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய பன்னிரண்டரை சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸில் அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. பெட்டி வெளியே விடும் ஆற்றல் சுமார் 100 மில்லிவாட். அடுத்த அறையில் இருக்கும் போனுக்கு வந்து சேர்வது அதில் பத்துக் கோடியில் ஒரு பங்கு இருக்கலாம். அது தாராளம். அதைவிடவும் நூறு மடங்கு குறைந்தாலும்கூட போன் தட்டுத் தடுமாறிப் பேசிவிடும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஒரு செங்கல் சுவர் அலையைப் பாதியாக்கட்டும், கால்வாசியாக்கட்டும். கோடிக்கணக்கில் தேய்ந்த பிறகும் காதில் விழும் ஒரு பேச்சுக்குப் பாதியும் கால்வாசியும் எம்மாத்திரம்? கான்கிரீட் தளம் இன்னும் கூடுதலாக விழுங்கும், இரும்பு பீரோ ஏறக்குறைய மறைத்தே விடும். ஜன்னலோ தடையே இல்லை. உங்கள் வீட்டுக் காம்பவுண்டு சுவர் நிலப் பத்திரத்துக்குத்தான் எல்லை. வைஃபைக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. தெருவில் போகிறவர் போனில் உங்கள் வைஃபையின் பெயர் தெரிகிறது என்றால், உங்கள் வீட்டுப் பேச்சு ஏற்கெனவே தெருவில் கேட்கிறது என்று பொருள். கேட்பவருக்குப் புரியாமல் இருப்பது மட்டுமே பாதுகாப்பு.

எவ்வளவு தூரம் கேட்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுவட்டார ஊர்களில் பார்வை மையங்களைத் திறந்தபோது, அங்கே வரும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் காணொளியில் பார்க்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்குப் பயன்படுத்தியது இதே வைஃபையைத்தான். இரு முனையிலும் உயரமான கோபுரத்தில் ஒரே திசையை நோக்கும் ஆன்டெனாவை வைத்து, நடுவில் பல கிலோமீட்டர் தாண்டினார்கள். வெனிசுவேலாவில் 2007இல் எர்மானோ பியெட்ரோசெமோலி என்பவர் இரண்டு மலைகளுக்கு இடையே 382 கிலோமீட்டருக்கு வைஃபை இணைப்பை நடத்திக் காட்டினார். தேவைப்பட்டவை உயரமும் நேர்ப்பார்வையும் நல்ல ஆன்டெனாவும்தான். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. அதன் உச்சியிலிருந்து செஞ்சி ஊரின் மொட்டைமாடிகள் எல்லாம் நேர்ப்பார்வையில் விழுகின்றன. பயமுறுத்தச் சொல்லவில்லை, அந்த வெயிலில் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு யார் ஏறப்போகிறார்கள்? தெருமுனையில் நிற்கும் பைக்கே போதும்.

சரி, கேட்பவருக்கு என்ன கிடைக்கும்?

போனும் அந்தப் பெட்டியும், அதாவது ரவுட்டரும், கைகுலுக்கும்போது கடவுச்சொல்லைக் காற்றில் அனுப்புவதே இல்லை. இது பலருக்கும் வியப்பாக இருக்கும். நடப்பது இதுதான்: ரவுட்டர் குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை உருவாக்கி அனுப்புகிறது. போன் தன் பங்குக்கு இன்னோர் எண்ணை உருவாக்குகிறது. இரண்டு எண்களையும் கடவுச்சொல்லையும் சேர்த்துப் பிசைந்து ஒரு முத்திரையைக் கணக்கிட்டு, தன் எண்ணோடு அந்த முத்திரையையும் அனுப்புகிறது. ரவுட்டர் தனக்குத் தெரிந்த கடவுச்சொல்லை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. முத்திரை பொருந்தினால், எதிரில் இருப்பவருக்குக் கடவுச்சொல் தெரியும் என்பது உறுதி. கடவுச்சொல்லை வாய்விட்டுச் சொல்லாமலேயே இருவரும் ஒருவரை ஒருவர் நம்பிவிடுகிறார்கள். 2004இல் வந்த டபிள்யூபிஏ2 முறை இப்படித்தான் வேலை செய்கிறது. நம் வீடுகளில் இன்றும் பெரும்பாலும் ஓடுவது இதுவே.

அழகான ஏற்பாடு. இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒட்டுக்கேட்பவரிடம் இரண்டு எண்களும் முத்திரையும் சிக்கிவிடுகின்றன. அவர் வீட்டுக்குப் போய், ஒரு கடவுச்சொல்லை ஊகித்து, அதே கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். முத்திரை பொருந்தவில்லையா, அடுத்த ஊகம். உங்கள் ரவுட்டரிடம் கேட்கவே தேவையில்லை. உங்கள் தெருவிலும் நிற்க வேண்டாம். தவறான ஊகங்களை எண்ணி, சில தடவைக்கு மேல் போனால் கதவைச் சாத்த வங்கி அட்டைக்கு முடியும். ரவுட்டருக்கு முடியாது, ஏனென்றால் ஊகம் நடப்பதே அதற்குத் தெரியாது. கைகுலுக்கல் நடக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. ரவுட்டர் பேசுவதுபோல் “துண்டித்துக்கொள்” என்று ஒரு பொய்ச் செய்தி அனுப்பினால், பழைய முறையில் ஓடும் போன் அதை நம்பித் துண்டித்துக்கொண்டு உடனே மறுபடி கைகுலுக்கும். நெட் ஒரு நொடி விட்டு வந்தது என்று வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சுல்பிகார் கான் எட்டு ஆண்டும் கோட்டைக்கு எதிரிலேயே கிடக்க வேண்டியிருந்தது. அதுதான் அவருடைய செலவு. வைஃபையின் மேல் கண் வைத்தவர் சில நொடிப் பேச்சைப் பதிவு செய்துகொண்டு ஊருக்குப் போய்விடலாம். அதற்குப் பிறகு உங்களைக் காப்பது, அவர் எத்தனை ஊகங்கள் செய்ய வேண்டியிருக்கும் என்ற ஒரே ஓர் எண்.

இந்த முறையை வடிவமைத்தவர்கள் அதை அறியாதவர்கள் அல்லர். ஊகிப்பவரைத் தாமதப்படுத்த, ஒவ்வொரு ஊகத்துக்கும் 4,096 சுற்றுக் கணக்கு போட வேண்டும் என்று வைத்தார்கள். உங்கள் போனுக்கு அது கண்ணிமைக்கும் நேரம். கோடிக்கணக்கில் ஊகிப்பவருக்குப் பெரும் சுமை. வைஃபையின் பெயரையும் அந்தக் கணக்குக்குள் கலந்தார்கள். ஆகவே ஒரு பெயருக்குப் போட்ட கணக்கு இன்னொரு பெயருக்கு உதவாது. ரவுட்டர் நிறுவனம் வைத்த பொதுப் பெயரை மாற்றச் சொல்வதன் காரணம் இதுதான்: உலகெங்கும் லட்சம் வீடுகளில் ஒரே பெயர் இருந்தால், அந்தப் பெயருக்கு ஒருமுறை போட்டு வைத்த கணக்கு லட்சம் வீட்டுக்கும் செல்லும். பெயரை மாற்றும்போது வீட்டு எண்ணையோ குடும்பப் பெயரையோ வைக்காமல் இருந்தால், எந்த வீட்டின் வைஃபை என்று தெருவுக்கு அறிவிக்காமலும் இருக்கலாம்.

இனி எண்கள். கணினி விளையாட்டுக்காக வாங்கும் உயர்ரக கிராபிக்ஸ் அட்டை ஒன்று, இந்த 4,096 சுற்றுச் சுமையையும் சுமந்துகொண்டு, விநாடிக்குப் பத்து லட்சம் ஊகங்களுக்கு மேல் சரிபார்க்கும். பத்து லட்சம் என்றே வைத்துக்கொள்வோம்.

கடவுச்சொல் பிறந்த தேதி என்றால்? நூறு ஆண்டுகளில் உள்ள தேதிகள் மொத்தமே 36,525. ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. ஏதோ ஓர் எட்டு இலக்க எண் என்றால் பத்துக் கோடி ஊகங்கள், நூறு விநாடி. கேபிள்காரர் வைத்த போன் நம்பர் பத்து இலக்கம் ஆயிற்றே, அது பலமில்லையா? இந்தியக் கைபேசி எண் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். மீதி ஒன்பது இலக்கம். மொத்தம் 400 கோடி. ஒரு மணி ஏழு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். நாட்டில் உள்ள அத்தனை எண்களையும், இனி வரப்போகும் எண்களையும் சேர்த்து.

இது கற்பனைக் கணக்கு அல்ல. சைபர்ஆர்க் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர் ஐடோ ஹூர்விட்ச் டெல் அவிவ் நகரில் நடந்தும் சைக்கிளிலும் சுற்றி 5,000 வைஃபைகளின் முத்திரைகளைச் சேகரித்தார். 2021இல் முடிவை வெளியிட்டார்: எழுபது சதவீதத்துக்கும் மேல் உடைந்துவிட்டன. காரணம், இஸ்ரேலியர்களுக்கும் தங்கள் போன் நம்பரையே வைக்கும் பழக்கம். அங்கேயும் ஒரு கேபிள்காரர் “மறக்காது” என்று சொல்லியிருப்பார் போல.

எழுத்துகளுக்கு வருவோம். எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளைக் குருட்டாம்போக்கில் கோத்தால் சுமார் 20,900 கோடி சேர்க்கைகள். இரண்டரை நாளில் முடிந்துவிடும். அதையே பன்னிரண்டு எழுத்தாக்கினால்? நான்கே எழுத்து கூடுகிறது. காலம் மூவாயிரம் ஆண்டைத் தாண்டுகிறது. ஒவ்வோர் எழுத்தும் வேலையை 26 மடங்காக்குகிறது என்பதால் வரும் பாய்ச்சல் இது. நீளத்தின் பலம் இதில்தான் இருக்கிறது. ஓர் ஆச்சரியக்குறியும் ஒரு நட்சத்திரமும் போட்டுக் கடவுச்சொல்லைக் “கடினமாக்கும்” பழக்கத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை. அதைத் தட்டுவதில் தொலைக்காட்சி ரிமோட்டோடு மல்லுக்கட்டுபவர் வீட்டுக்காரர்தான். திருடனின் கணினிக்கு அதில் சிரமமே இல்லை.

“குருட்டாம்போக்கில்” என்ற சொல்லை மேலே இரண்டு முறை வேண்டுமென்றே போட்டேன். மனிதர் மனதில் தோன்றும் சொல் குருட்டாம்போக்கானது அல்ல. குலசாமி பெயர், மகள் பெயர், அதற்குப் பின்னால் 123. செஞ்சிக்காரர் என்றால் தேசிங்கு ராஜன் பெயரும் கூட. இவை பன்னிரண்டு எழுத்துக்கு மேல் போனாலும், ஊகிப்பவர் பட்டியலில் முதல் பக்கத்தில் இருக்கும். கசிந்த கோடிக்கணக்கான கடவுச்சொற்களின் பட்டியல்களோடுதான் அவர் தொடங்குகிறார். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதியவையும் அவற்றில் ஏராளம்.

நல்ல வழி, ஓர் அகராதியைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட சொல்லை எடுப்பது. ஐந்து முறை எடுங்கள். பழக்கமான 2,000 சொற்களிலிருந்து மட்டுமே எடுப்பதாக வைத்துக்கொண்டாலும், ஐந்து சொற்களுக்கு ஆயிரம் ஆண்டுக்குக் குறையாது. எருமை, ரசீது, ஜன்னல், மழை, உப்பு என்று வருகிறதா, அப்படியே ஆங்கில எழுத்தில் கோத்துவிடுங்கள். (இதே ஐந்தையும் வைக்க வேண்டாம், அச்சில் வந்துவிட்டது.) மழையை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதில் வீட்டுக்கு வீடு, ஏன், அண்ணனுக்கும் தங்கைக்குமே கருத்து வேறுபாடு உண்டு என்பதால், ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். எழுதி வைக்கக் கூடாது என்பது அலுவலக விதி. தெருவிலிருந்து ஊகிப்பவருக்கு உங்கள் பீரோ கதவு தெரியாது.

இதுவரை பேசியது ஒரு சாவியைப் பற்றி. பெட்டியில் இரண்டாவது சாவி ஒன்றும் இருக்கிறது, நம்மில் பலர் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வைஃபை கடவுச்சொல் வீட்டுக்குள் வர விடுகிறது. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் அந்தப் பெட்டியையே ஆள விடுகிறது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஏதோ ஒரு முகவரி, பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். என் கணிப்பில், நம் ஊர்களில் பெரிய ஓட்டை இதுதான்.

2017 ஜூலை இறுதியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வாடிக்கையாளர் பலருக்கு இணையம் திடீரென்று செத்தது. சுமார் 60,000 மோடம்கள் தாக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. தாக்கப்பட்டவை, வந்த நாள் முதல் அட்மின் என்ற கடவுச்சொல்லை மாற்றாமலே இருந்த மோடம்கள். உடனே மாற்றுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பிரிக்கர்பாட் என்ற நிரலை எழுதியதாகச் சொல்லிக்கொண்ட, ‘ஜானிட்டர்’ என்ற புனைபெயர்க்காரர் பிறகு அதற்கு உரிமை கொண்டாடினார். வேலை எளிது: இணையத்தில் திறந்து கிடக்கும் கருவியைத் தேடு, ஆலையில் வைத்த கடவுச்சொல்லைப் போட்டு நுழை, நினைவகத்தை அழித்துக் கருவியைப் பயனற்ற செங்கல்லாக்கு. கெட்டவர்கள் கையில் சிக்குமுன் இந்தக் கருவிகளை ஒழிக்கிறேன் என்பது அவர் சொன்ன நியாயம். அறுபதாயிரம் வீட்டில் நெட்டை அறுத்தவரின் நியாயத்தை எவ்வளவு மதிப்பது என்பதை வாசகர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

ஆனால் அவர் சொன்ன கெட்டவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். 2016இல் பரவிய மிராய் என்ற நிரலின் ஆயுதம், ஏறக்குறைய அறுபது பயனர் பெயர்–கடவுச்சொல் சோடிகள் கொண்ட ஒரு பட்டியல். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் அடிமையாக்கினார்கள். அந்த அக்டோபர் 21ஆம் தேதி அந்தக் கருவிகளெல்லாம் சேர்ந்து, தளங்களின் முகவரியைத் தேடிச் சொல்லும் டைன் என்ற நிறுவனத்தின் மேல் பாய்ந்ததில், ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் உள்படப் பல தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கின. மிராயை எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள்.

முடக்குவதைவிட மோசமானது, சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பது. நீங்கள் வங்கித் தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்குரிய எண் முகவரியை ஒரு டிஎன்எஸ் வழங்கியிடம் கேட்டுச் சொல்வது ரவுட்டர். யாரிடம் கேட்பது என்ற ஒரு வரியை நிர்வாகப் பக்கத்தில் மாற்றிவிட்டால், சரியான பெயரைத் தட்டியும் தவறான வாசலுக்குப் போய்ச் சேருவீர்கள். பிரேசிலில் 2011இல் தொடங்கி 45 லட்சம் மோடம்களில் இப்படி அந்த வரியை மாற்றியிருந்தார்கள். போன் புதியது, கணினியில் வைரஸ் இல்லை. எல்லாம் சரியாக இருந்தும் பணம் போனது. குற்றவாளி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தான்.

வெளியாள் உங்கள் நிர்வாகப் பக்கத்துக்கு எப்படி வருவார்? தொலைநிர்வாகம் என்ற வசதி திறந்திருந்தால் உலகின் எந்த மூலையிலிருந்தும். அது மூடியிருந்தால், வைஃபை கடவுச்சொல் தெரிந்தவர் வழியாக. அதுவும் இல்லையென்றால், வீட்டில் ஒருவர் திறந்த ஏதோ ஒரு வலைப்பக்கம், அவருடைய போனையே தூதாக்கி ரவுட்டரிடம் பேச முயலலாம். மூன்றுக்கும் அட்மின் என்ற கடவுச்சொல் சிவப்புக் கம்பளம்.

கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து போட்டால் என்ன ஆகும் என்பதை இந்தியா 2008இல் பார்த்தது. ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் தடத்தைப் பிடித்துப் போன போலீஸ், நவி மும்பையின் சான்பாடாவில் ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில் நின்றது. வெளியாட்கள் அவருடைய வைஃபையைப் பயன்படுத்தி அனுப்பிவிட்டுப் போயிருந்தார்கள். விசாரணையின் முடிவில் அவருக்குச் சம்பந்தம் இல்லை என்றானது. அதுவரை அவர் பட்டது வேறு கதை. அதன் பிறகும் மாட்டுங்காவில் ஒரு கல்லூரி, செம்பூரில் ஒரு நிறுவனம் என்று அடுத்தடுத்து வைஃபைகள் இதேபோல் பயன்பட்டன. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்பு குறித்து இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

வீட்டில் பத்துக் கருவி இருந்தாலும் வெளியுலகத்துக்கு ரவுட்டரின் ஒரே முகவரிதான் தெரியும். எந்த போன் அனுப்பியது என்பது உள்ளே இருக்கும் சமாச்சாரம். வெளியிலிருந்து தேடி வருபவர் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கதவைத்தான் தட்டுவார்.

அதற்காகப் பக்கத்து வீட்டுப் பையன் வந்து, “அத்தை, ரிசல்ட் பார்க்கணும், பாஸ்வேர்டு சொல்லுங்க” என்றால் சொல்லாமல் இருக்க முடியுமா? முடியாது, இருக்கவும் வேண்டாம். இப்போது வரும் ரவுட்டர்களில் பெரும்பாலும் விருந்தினர் வைஃபை என்று தனிப் பெயரில் ஒன்றைத் திறக்கலாம். அதில் சேர்ந்தவருக்கு இணையம் மட்டும் கிடைக்கும்; வீட்டுக் கணினியும் நிர்வாகப் பக்கமும் கண்ணில் படாது. மலிவு விலைச் சிசிடிவி கேமராவையும் ஸ்மார்ட் டிவியையும்கூட அதிலேயே தள்ளுவது நல்லது. கோட்டையின் வெளி மதிலுக்குள் சந்தையும், உள் மதிலுக்குள் கல்யாண மகாலும் களஞ்சியமும் வைத்தவர்கள் இதே கணக்கைப் போட்டவர்கள்தான்.

மாற்றும் வேலை பத்து நிமிடம். போனில் வைஃபை விவரத்தைத் திறந்தால் கேட்வே என்று ஒரு முகவரி இருக்கும்: 192.168.1.1 என்றோ, 192.168.0.1 என்றோ, ஜியோ என்றால் 192.168.29.1 என்றோ. அதை பிரௌசரில் தட்டுங்கள். சீட்டில் உள்ள பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு நுழைந்ததும், முதல் வேலையாக அந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல் அதற்கு அடுத்துதான், ஏனென்றால் அதை மாற்றிய நொடியில் உங்கள் போன் உள்பட எல்லாம் துண்டித்துக்கொள்ளும். டிவி, மகனின் லேப்டாப், மாமனாரின் போன் என்று ஒவ்வொன்றிலும் புதிதாகத் தட்ட வேண்டும். பத்து நிமிட வேலையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட வைப்பது இந்த ஒரு தொல்லைதான் என்று நினைக்கிறேன். ஒரு போனில் தட்டிவிட்டு, அதிலேயே வரும் க்யூஆர் கட்டத்தை மற்ற போன்களுக்குக் காட்டினால் பாதித் தொல்லை குறையும்.

அதே பக்கத்தில் டபிள்யூபிஎஸ் என்று ஒன்று இருக்கும். அணைத்துவிடுங்கள். கடவுச்சொல் தட்டாமல் எட்டு இலக்க எண்ணால் சேரும் வசதி அது. எட்டு இலக்கத்தில் கடைசி ஒன்று சரிபார்ப்புக்கு. மீதி ஏழு இலக்கம், ஒரு கோடி சேர்க்கை. ஆனால் ரவுட்டர் முதல் நான்கு இலக்கம் சரியா என்று தனியாகவும், அடுத்த மூன்று சரியா என்று தனியாகவும் சொல்லிவிடுகிறது. ஆகவே பத்தாயிரமும் ஆயிரமும் கூட்டிப் பதினோராயிரம் ஊகங்கள் போதும். ஒரு கோடியைப் பதினோராயிரமாக்கிய இந்தப் பிழையை 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபோக் வெளியிட்டார். இந்த ஒரு வசதி திறந்திருந்தால், ஐந்து சொல் கோத்துப் பீரோவில் ஒட்டியது வீண்.

வைஃபை பெயரை மறைத்துவைக்கும் வசதியும், குறிப்பிட்ட கருவிகளின் மேக் முகவரி என்ற அடையாள எண்ணை மட்டும் அனுமதிக்கும் வசதியும் உண்டு. கேபிள்காரர்கள் இவற்றை மெச்சிச் சொல்வார்கள். இரண்டிலும் பெரிய பலன் இல்லை. மறைத்த பெயரை உங்கள் போனே கூவிக்கொண்டு சேருகிறது. மேக் முகவரியும் காற்றில் பூட்டில்லாமல்தான் போகிறது, கேட்டவர் தன் கருவிக்கு அதையே சூட்டிக்கொள்ளலாம்.

பாதுகாப்பு வகையைக் கேட்கும் இடத்தில் டபிள்யூ.இ.பி. என்று இருந்தால் அந்தப் பெட்டியையே மாற்றும் காலம் வந்துவிட்டது. வைஃபையோடு 1990களில் பிறந்த பூட்டு அது. ஃப்ளூரர், மான்ட்டின், ஷமீர் என்ற மூவர் 2001இல் அதன் கணிதத்திலேயே ஓட்டையைக் காட்டினார்கள். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் அதை ஒரு நிமிடத்துக்குள் திறந்தார்கள். அதற்குக் கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை.

டபிள்யூபிஏ3 என்று இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வீட்டில் பழைய போன் இருந்தால் இரண்டும் மூன்றும் கலந்த வகையை. 2018இல் வந்த இந்த முறை கைகுலுக்கலை அடியோடு மாற்றியது. ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தவர் கையில், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரிபார்க்கும்படி எதுவும் மிஞ்சாது. ஒவ்வோர் ஊகத்துக்கும் அவர் ரவுட்டரோடு நேரில் ஒருமுறை பேசியாக வேண்டும். விநாடிக்குப் பத்து லட்சம் என்ற கணக்கு அங்கே செல்லாது. சுல்பிகார் கானை மறுபடியும் கோட்டை வாசலில் கொண்டுவந்து உட்காரவைத்த ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். முதல் ஆண்டிலேயே, 2019இல், இதிலும் சில விரிசல்களை மேத்தி வான்ஹூஃப் என்ற பெல்ஜிய ஆய்வாளரும் எயல் ரோனனும் கண்டுபிடித்தார்கள். அவற்றில் பலவற்றை மென்பொருளைப் புதுப்பித்தே அடைக்க முடிந்தது. நிர்வாகப் பக்கத்தில் ஃபர்ம்வேர் என்ற இடத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

புதுப் பெட்டி வந்ததும் பழையதைப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போடுமுன், பின்பக்கம் இருக்கும் சிறு துளையில் ஊக்கை நுழைத்துப் பத்து விநாடிக்குக் குறையாமல் அழுத்துங்கள். விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தால், உங்கள் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இணைய இணைப்பின் கணக்கு விவரமும் அதிலிருந்து அழிந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். அதே துளையை அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியும் மறுபடி அட்மின் கடவுச்சொல்லுக்கே திரும்பிவிடும். நெட் வரவில்லை என்று பழுது பார்க்க வந்தவர் ஊக்கைக் கையில் எடுத்தால், அவர் போன பிறகு இரண்டு கடவுச்சொல்லையும் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.